மிதிவெடி அகற்ற நிதி வருகிறது. கால் இழந்தவர்களுக்கு எந்தத் தலைப்பில் கேட்பது?

பச்சிலைப்பள்ளி_செயலாளர்

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் பச்சிலைப்பள்ளிப் பிரிவின் பளைப் பக்கம் ஒரு மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு நிதி விண்ணப்பம் தயாரிக்க வேண்டியிருக்கிறது. அங்கத்தவர்கள் நாற்பது பேரளவில். பெரும்பாலானோர் மிதிவெடியில் கால் இழந்தவர்கள். செல் (எறிகணை) காயக்காரர்களும், சர்க்கரை வியாதியால் கால் எடுக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். கேட்க நினைப்பவை: செயற்கைக் கால் மாற்றவும் திருத்தவும் ஆகும் செலவு, யாழ்ப்பாணம் போய்வரும் போக்குவரத்து, சிறிய அளவில் வாழ்வாதார உதவி.

முகமாலை, கிளாலிப் பக்கம் மிதிவெடி அகற்ற ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன், நோர்வே எனப் பல நாடுகள் பல வருடமாக நிதி தருகின்றன. ஆனால் அகற்றும் நிறுவனங்களிடம் கேட்டால் "எங்கள் திட்டத்தில் அதற்குத் தலைப்பு இல்லை" என்ற பதில்தான் கிடைக்கிறது. ஒரே வெடியால் வந்த பாதிப்புக்கு நிலத்துக்கு மட்டும் காசு, ஆளுக்கு இல்லையா?

1. பாதிக்கப்பட்டோர் உதவிக்கான பணம் எந்த வழியால் வருகிறது?
2. எங்களைப் போன்ற சிறிய சங்கம் நேரடியாக எந்தத் தூதரகத்தில் கேட்கலாம்?
3. விண்ணப்பத்தில் எதைக் கேட்டால் நிற்கும், எதைக் கேட்டால் தள்ளுவார்கள்?

விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

வரவுசெலவு

அந்த நிறுவனங்கள் சொன்னது உண்மை. அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒவ்வொரு டொலருக்கும் ஒரு தலைப்பு உண்டு. தலைப்பு மாறிச் செலவழித்தால் கணக்காய்வில் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

வேர் எங்கே என்றால் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. 1997இல் ஒட்டாவாவில் கையெழுத்துக்குத் திறந்த மிதிவெடித் தடை உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரையில் இரண்டும் தனித்தனிப் பிரிவாக வருகின்றன. பாதிக்கப்பட்டோரின் பராமரிப்பு, மறுவாழ்வு, சமூகத்தோடு சேர்த்தல் 3ஆம் பிரிவு. நிலம் துப்புரவாக்க உதவுவது 4ஆம் பிரிவு. இரண்டுக்கும் "உதவக்கூடிய நிலையில் உள்ள நாடு" என்ற ஒரே சொற்றொடர்தான். ஆனால் நிலத்துக்கு 5ஆம் உறுப்புரையில் பத்து வருடக் காலக்கெடு இருக்கிறது. ஆளுக்கு அப்படி ஒரு திகதி கிடையாது. திகதி இருக்கிற வேலைக்குத்தான் பணம் ஓடும். உலக அளவில் 2022இல் 35 கொடையாளர்கள் கொடுத்த தொகை ஏறத்தாழ 80 கோடி டொலர். இப்படி வரும் பணத்தில் பாதிக்கப்பட்டோர் உதவி என்று குறித்து வருவது எந்த வருடத்திலும் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதே அபூர்வம்.

அதோடு கொடை நாடுகளுக்குள்ளேயே இரண்டுக்கும் பெட்டி வேறு. அமெரிக்காவை எடுங்கள். மிதிவெடி அகற்றும் பணம் இராஜாங்கத் திணைக்களத்தின் (வெளியுறவு அமைச்சு) ஆயுத அகற்றல் பிரிவால் வந்தது. கால் இழந்தவர்களுக்கான பணம் 1989 முதல் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எயிட் நடத்திய லேகி போர்ப் பாதிப்பாளர் நிதியால் வந்தது. இரண்டுக்கும் அதிகாரிகள் வேறு, விண்ணப்பம் வேறு. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவி முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டபோது இரண்டும் சேர்ந்து அடிபட்டன. பிறகு யூஎஸ்எயிட் என்ற அமைப்பே மூடப்பட்டுவிட்டது. ஆகவே மிதிவெடி அகற்றும் நிறுவனத்திடம் போய் நிற்பதை முதலில் விடுங்கள். உங்களுக்குரிய பணம் சுகாதாரம், மாற்றுத்திறனாளிகள், வாழ்வாதாரம் என்ற பெயர்களில்தான் வரும். அதில் "மிதிவெடி" என்ற சொல்லே இருக்காது.

சிறிய சங்கத்துக்குக் கொழும்பில் இருக்கும் வாசல்கள் மூன்று.

ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு உதவித் திட்டம். வடக்கில் மிதிவெடி அகற்றப் பெரும் தொகை கொடுத்ததும் இதே திட்டந்தான். ஆனால் மற்றத் துறைகளில் கட்டடம், உபகரணம், வாகனம் போன்றவற்றுக்குக் கொடுப்பார்கள். சம்பளம், வாடகை, தனிநபர் உதவித்தொகை போன்ற தொடர் செலவுக்குக் கொடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடைகளின் கூறுவிலை கேட்பார்கள். வேலை ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும். முடிவில் வெளிக் கணக்காய்வும் உண்டு. அமைப்பு குறைந்தது இரண்டு வருடமாவது இயங்கியிருக்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம் சிறிய தொகைக்குச் சரியானது. மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்துக்கொள்வது அவர்களின் உதவிக் கொள்கையிலேயே முன்னுக்கு நிற்கும் விடயம் என்பதால் உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

கனடாவின் உள்ளூர் முயற்சிகள் நிதியில் சராசரித் தொகை சில பத்தாயிரம் கனடிய டொலர். அவர்களின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. கோடையில் விண்ணப்பம் கேட்டு, இலையுதிர் காலத்தில் ஒப்பந்தம் போட்டு, பெப்ரவரிக்குள் முடிக்கச் சொல்வார்கள். வேலை செய்யக் கிடைப்பது நாலு, ஐந்து மாதந்தான். அதுவும் எங்கள் மாரி மாதங்களில். கட்டட வேலையைக் கனடா விண்ணப்பத்தில் போடாதீர்கள்.

தள்ளுபடியாகும் காரணங்களில் முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "மிதிவெடியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்" என்று எழுதாதீர்கள். கொத்துக்குண்டு உடன்படிக்கையிலும் இலங்கை 2018 முதல் இருக்கிறது. அதன் 5ஆம் உறுப்புரை, பாதிக்கப்பட்டோருக்கும் வேறு காரணத்தால் காயப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கும் இடையில் பாகுபாடு காட்டக்கூடாது என்றே சொல்கிறது. தேவை மட்டுமே அளவுகோல். உங்கள் சங்கத்தில் சர்க்கரை வியாதிக்காரரும் இருப்பது பலம். அதை மறைக்காமல் முதல் பந்தியிலேயே எழுதுங்கள்.

---

மூட்டும்_முடநீக்கும்

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். செயற்கைக் கால் பகுதியை மட்டும் விரித்து எழுதுகிறேன். விண்ணப்பங்களில் அதிகம் பிழைக்கிற இடம் அதுதான்.

எல்லோரும் "நாற்பது பேருக்கு நாற்பது கால்" என்று எழுதுகிறார்கள். இது ஒருமுறை கொடுத்து முடியும் பொருள் அல்ல. வளர்ந்தவருக்கு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பத்து வயதில் கால் இழந்த பிள்ளைக்கு வாழ்நாளில் 25 கால் தேவைப்படும் என்பது செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. ஒரு வருட நிதியில் நாற்பது கால் செய்து கொடுத்துவிட்டுப் போனால் நாலாம் வருடம் நாற்பது உடைந்த கால் இருக்கும். கொடையாளர்களுக்கு இது தெரியும். ஆகவே கேட்பதைத் திருத்தம் செய்யும் வசதியை நோக்கித் திருப்புங்கள்.

முழங்காலுக்குக் கீழ் போடும் காலை எடுத்தால், மேலே வெட்டுண்ட காலின் மிச்சப் பகுதியைப் பிடிக்கும் கிண்ணம், அதற்குள் மெத்தையான உள்ளுறை, கீழே தண்டு, பாதம், பிடித்துக் கட்டும் பட்டி. கிண்ணம் பொலிப்புறொப்பிலீன் தகட்டால் ஆனது. வெட்டுண்ட காலுக்குப் பரிஸ் சாந்துப் பட்டி சுற்றி அச்செடுத்து, அந்த அச்சுக்குள் சாந்து ஊற்றி உருவம் வார்த்து, பாரம் தாங்கும் இடங்களில் சீவி, எலும்பு முட்டும் இடங்களில் கூட்டி, அதன் மேல் 180 பாகை அளவில் சூடாக்கிய தகட்டைப் போர்த்திக் காற்றை உறிஞ்சி ஒட்ட வைப்பார்கள். பிறகு நிறுத்தி நேர் பார்ப்பது, நடைப்பயிற்சி, கடைசித் திருத்தம். ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. பளையிலிருந்து வருபவர் பல தடவை வர வேண்டும், அல்லது தங்க வேண்டும். கூலி வேலைக்காரருக்கு இந்த நாட்களின் கூலி இழப்புத்தான் பெரிய தடை. காலே இலவசமாகக் கிடைத்தாலும் வராமல் இருப்பார்கள். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு மூன்றையும் ஒரே தலைப்பாகக் கேளுங்கள். "சேவையைப் பெறுவதற்கான செலவு" என்று எழுதினால் தொடர் செலவு என்று வெட்டும் வாய்ப்புக் குறையும்.

எது முதலில் பழுதாகும்? பாதம். பொலியூரேத்தேன் பாதம் வெக்கையிலும் ஈரத்திலும் பாவிக்காமல் வைத்திருந்தாலே உள்ளுக்குள் உதிரத் தொடங்கும். வயலிலும் களப்புக் கரையிலும் நடப்பவருக்கு இன்னும் கெதியாகப் போய்விடும். நாலு வருடத்துக்கென்று மொத்தமாக வாங்கி அலுமாரியில் அடுக்கி வைப்பது காசை உக்க விடுவது. வருடத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள், உற்பத்தித் திகதியைப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது பட்டியும் உள்ளுறையும். இவை மலிவு. ஆனால் உள்ளுறை நைந்த காலைத் தொடர்ந்து போட்டால் தோல் உரிந்து புண்ணாகும், புண் ஆறும் வரை கால் போட முடியாது. சர்க்கரை வியாதிக்காரருக்கு அந்தப் புண் மேலும் ஒரு வெட்டில் கொண்டுபோய் விடும். பட்டி, உள்ளுறை, காலுறை, ஆணி, பாதம் மாற்றும் கருவிகளோடு மாதம் ஒருமுறை பளைக்கு வரும் நடமாடும் திருத்தச் சேவை ஒன்று, இருபது புதுக் காலை விட உங்கள் ஆட்களுக்குப் பெறுமதியானது.

இன்னும் இரண்டு. கால் எடுத்த முதல் வருடத்தில் வெட்டுண்ட பகுதி சுருங்கிக்கொண்டே வரும். கிண்ணம் தளரும். காலுறைக்கு மேல் காலுறை போட்டுச் சமாளிப்பது ஓர் அளவுக்குத்தான், பிறகு கிண்ணத்தையே மாற்ற வேண்டும். புதிதாகக் கால் இழந்தவர் இருந்தால் அவருக்கு முதல் வருடத்தில் இரண்டு கிண்ணம் என்று கணக்குப் போடுங்கள். பிள்ளைகளுக்கு வெட்டிய எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வளரும். திரும்பச் சத்திரசிகிச்சை தேவைப்படும். அது அரச வைத்தியசாலையில் செய்யக்கூடியது, ஆனால் துணைக்கு வருபவரின் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்யும் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இருக்கிறது. விண்ணப்பத்தோடு அப்படியொரு நிலையத்தின் இணக்கக் கடிதம் ஒன்றை இணையுங்கள். சங்கம் தானே கால் செய்யப்போகிறது என்று தோன்றினால் எந்தத் தூதரகமும் காசு தராது, தரவும் கூடாது.

---

பச்சிலைப்பள்ளி_செயலாளர்

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. நடமாடும் திருத்தச் சேவை என்ற யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சந்தேகம். அகற்றும் நிறுவனங்களை முற்றாக விட்டுவிட வேண்டுமா? அவர்களின் ஆட்கள்தான் வீடு வீடாக வருகிறார்கள், யார் வீட்டில் யாருக்கு என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். 2028உடன் எல்லோரும் போய்விடுவார்கள் என்றும் கேள்விப்படுகிறோம். போவதற்கு முன் அவர்களிடமிருந்து எதையாவது பெற வழி இருக்கிறதா?

---

வெள்ளைக்கட்டை

இருக்கிறது. காசு கேட்காதீர்கள், தகவலும் தொடர்பும் கேளுங்கள். அதற்கு விதியும் உங்கள் பக்கம்.

மிதிவெடி வேலைக்கான சர்வதேசத் தரங்களில், ஐமாஸ் என்று சொல்வோமே, 13.10 என்ற இலக்கத்தில் பாதிக்கப்பட்டோர் உதவி பற்றிய தரம் 2021இல் வந்தது. அகற்றும் நிறுவனம் வைத்தியமோ காலோ கொடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவரை இனங்காண்பது, தகவலைப் பதிவது, உரிய சேவைக்கு ஆற்றுப்படுத்துவது (வழிகாட்டி அனுப்புவது) ஆகிய இந்த மூன்றும் மிதிவெடித் துறையின் வேலை என்கிறது. நீங்கள் சொன்ன வீடு வீடாக வரும் ஆட்கள் செய்வது நுட்பமற்ற அளவாய்வு. எங்கே வெடித்தது, எந்த மாடு செத்தது, எந்தக் காணிக்குள் ஆட்கள் போவதில்லை என்று கேட்டு எழுதுவது. அதே இருக்கையில் மாற்றுத்திறனை அறியப் பாவிக்கும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளையும் கேட்கலாம். பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைப் பராமரிப்பது, பேசிப் புரிந்துகொள்வது. சில நிமிட வேலை, புதிதாக ஒரு ஊழியரும் தேவையில்லை. பதில்களை ஒரு ஆற்றுப்படுத்தல் தாளில் எழுதிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி, சம்மதம் பெற்று உங்கள் சங்கத்துக்கு ஒரு பிரதி. இதைச் செய்யச் சொல்லி நிறுவனத்துக்கு மட்டும் எழுதினால் போதாது. கிளிநொச்சியில் இருக்கும் பிராந்திய மிதிவெடி செயற்பாட்டு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். வேலையை ஒருங்கிணைப்பதும் தரம் பார்ப்பதும் அவர்கள்தான்.

காசு ஏன் அவர்களிடம் மிஞ்சாது என்பதையும் விளங்கிக்கொள்வது நல்லது. முகமாலை வெறும் மிதிவெடி வயல் அல்ல, வருடக்கணக்காக முன்னரங்காக இருந்த இடம். இராணுவம் புதைத்த பி4 வகையும் புலிகள் செய்த ஜொனி, ரங்கன் வகைகளும் ஒரே மண்ணில் கிடக்கின்றன. ஜொனி 95 மரப்பெட்டி. உலோகம் மிகக் குறைவு, மரம் உக்கி உள்ளே வெடிமருந்து மட்டும் கிடக்கவும் கூடும். அதே மண் முழுக்கச் செல் துண்டும் ரவையும். டிடெக்டர் எங்கே வைத்தாலும் கத்தும், கத்த வேண்டிய இடத்தில் கத்தாது. அதனால்தான் பல இடங்களில் டிடெக்டரை நம்பாமல் விறாண்டியால் மண்ணை முன்னாலிருந்து தன் பக்கம் மெல்லமெல்ல இழுத்து, தேவையான ஆழம் வரை முழு நிலத்தையும் கிளறுகிறார்கள். முதலில் நீளப் பிடி போட்ட பாரமான விறாண்டியால் மண்ணைத் தளர்த்தி, பிறகு இலேசானதால் தளர்ந்த மண்ணை வாரிப் பார்ப்பது. ஒரு ஆள் நாளுக்குச் செய்யும் சதுர மீற்றர் மிகச் சிறியது. ஒக்டோபரிலிருந்து மாரி. களப்போரக் காணிகளில் நீர் நின்றால் கிழமைக்கணக்கில் வேலை நிற்கும், ஆனால் சம்பளம் நிற்காது. இதற்கு மேல் ஒவ்வொரு களத்திலும் மருத்துவ உதவியாளர், நோயாளர் வண்டி, எல்லோருக்கும் காப்புறுதி, முகக்கவசம், உடற்கவசம், எரிபொருள், உள்ளகத் தரச்சோதனை. ஒரு அகற்றும் திட்டத்தின் வரவுசெலவில் பெரும்பகுதி சம்பளம். அதில் கணிசமானது கணவனை இழந்த, குடும்பத்தைத் தனியே கொண்டுபோகும் பெண்களின் கைக்குப் போகிறது. அந்தப் பணத்தை வெட்டி உங்களுக்குக் கொடுப்பது நியாயமும் ஆகாது.

2022இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோதும், 2025இல் அமெரிக்க நிதி நின்றபோதும் தெரிந்தது ஒன்று: பாதியில் நிறுத்திய களம் தொடங்காத களத்தை விட ஆபத்தானது. எல்லைக் கட்டைகளைக் கறையான் தின்னும், நாடாவை மாடு இழுக்கும், "துப்புரவாக்கியாயிற்று" என்று நினைத்து ஆட்கள் விறகுக்குப் போவார்கள். நல்ல ஒப்பந்தங்களில் இப்போது இடைநிறுத்தக் காலத்துக்கென்று தனித் தலைப்பு வைக்கப் பார்க்கிறார்கள்: குறிகளைப் பராமரிக்கவும் கிராமத்துக்கு அறிவிக்கவும் மட்டும்.

2028 விடயம் உண்மை. இலங்கைக்கு மிதிவெடித் தடை உடன்படிக்கை 2018 ஜூன் 1 முதல் நடைமுறை, ஆகவே காலக்கெடு 2028 ஜூன் 1. நீடிப்புக் கேட்க விதியுண்டு, ஆனால் கொடையாளர்கள் அந்தத் திகதியை வைத்தே வெளியேறத் திட்டமிடுவார்கள். நீங்கள் இப்போதே கேட்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, அளவாய்வுத் தரவு. விபத்துப் பதிவுகள் மிதிவெடித் தகவல்களுக்கான இம்ஸ்மா தரவுத்தளத்தில் இருக்கும். திட்டங்கள் மூடும்போது யாருடைய மடிக்கணினியிலோ போய்விடாமல், பாதிக்கப்பட்டோர் பட்டியல் சம்மதத்தோடு சமூக சேவைகள் திணைக்களத்திடம் சேர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, வாகனமும் உபகரணமும். திட்டம் முடியும்போது கொடையாளரின் அனுமதியோடுதான் அவற்றை யாருக்கும் கொடுக்கலாம். அமெரிக்க நிதியில் வாங்கியதென்றால், தற்போதைய பெறுமதி 10,000 டொலருக்கு மேல் இருந்தால் என்ன செய்வதென்று அவர்களிடம் கேட்க வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் பொதுவாக அந்தத் தேவை இல்லை. பழைய வான் ஒன்று, மேலே சொன்ன நடமாடும் திருத்தச் சேவைக்குப் போதும். கடைசி மாதத்தில் கேட்டால் கிடைக்காது, எந்தப் பொருள் யாருக்கு என்ற பட்டியல் அதற்கு முன்னரே தயாராகிவிடும்.

---

வரவுசெலவு

வெள்ளைக்கட்டை சொன்ன வானுக்கு ஒரு எச்சரிக்கை. தீர்வை விலக்கில் இறக்கிய வாகனமா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் பெயர் மாற்றும்போது தீர்வை கட்ட வேண்டி வரலாம், அது வானின் விலையையே தாண்டும். சாரதி, எரிபொருள், காப்புறுதி யார் கொடுப்பது என்பதையும் எழுதிவிட்டுத்தான் கேளுங்கள்.

இன்னொன்று விட்டுப்போனது. மிதிவெடித் தடை உடன்படிக்கையின் 7ஆம் உறுப்புரைப்படி ஒவ்வொரு நாடும் வருடா வருடம் ஏப்ரல் 30க்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடை நாடுகள் அதைத்தான் வாசிக்கின்றன. பாதிக்கப்பட்டோர் பகுதியில் பொதுவாக நாலு வரி நின்றால் அந்த நாட்டுக்குத் தேவை இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். பச்சிலைப்பள்ளியில் இத்தனை பேர், இத்தனை பேருக்குக் கால் மாற்ற வேண்டும், இத்தனை பேர் போக்குவரத்து இல்லாமல் நிற்கிறார்கள் என்று பெயர்கள் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, ஜனவரிக்குள் தேசிய மிதிவெடி செயற்பாட்டு நிலையத்துக்கு அனுப்புங்கள். பிரதி சமூக சேவைகள் திணைக்களத்துக்கு.

அவுஸ்திரேலியா விண்ணப்பத்தை அதே எண்ணிக்கையை வைத்தே எழுதலாம். திருத்தக் கருவித் தொகுதி, ஒரு வருடத்துக்கான பாதங்கள், பட்டி, உள்ளுறை, மாதம் ஒருமுறை நுட்பவியலாளர் வரும் செலவு, சேவையைப் பெறுவதற்கான செலவு. வாழ்வாதாரத்தை இதற்குள் போட்டுக் குழப்பாமல் வேறு விண்ணப்பமாக வையுங்கள். வரைவு தயாரானதும் தொகைகளை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.